அரைப்பிறப்பு பத்தாம் படிக்கு மேல் ஏறாது

கொரோனா வந்த வருஷம் என் அண்ணனை அவனுடைய பெங்களூர் கம்பெனி வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டது. அருப்புக்கோட்டைக்கு அவன் கொண்டுவந்த சாமானில் துணிமணி ஒரு பை, புத்தகம் மூன்று அட்டைப்பெட்டி. ஏதோ பெரிய பரீட்சைக்குப் படிக்கிறான் என்று அம்மா சந்தோஷப்பட்டாள். பெட்டியைப் பிரித்ததும் மேலே இருந்த புத்தகத்தின் அட்டையில் ஒரு பறக்கும் பாம்பு நெருப்பைக் கக்கிக்கொண்டிருந்தது. அம்மா ஒன்றும் கேட்காமல் கீழே கடைக்குப் போய்விட்டாள். எங்களுக்கு நூல் வியாபாரம். கீழே கடை, மேலே வீடு, அதற்கும் மேலே மொட்டை மாடியில் ஓர் அறை. பெட்டிகள் அந்த அறைக்குப் போயின.

அவை எல்லாம் ஒரு விளையாட்டின் விதிப்புத்தகங்கள். நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவது அது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக இருப்பார்கள். ஒருவன் வாள் வீரன், ஒருத்தி பூசாரி, ஒருவன் திருடன். “கதவைத் திறக்கிறேன்” என்று நீங்கள் சொன்னால், கதவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று நடத்துபவர் சொல்வார். வெட்டு விழுந்ததா, தப்பினீர்களா என்பதை இருபது முகம் உள்ள பகடை சொல்லும். பகடை சொன்னதற்கு என்ன அர்த்தம் என்பதைப் புத்தகம் சொல்லும்.

அண்ணனுக்கு ஆடுவதைவிட அந்தப் புத்தகங்களின் வரலாறுதான் பிடிக்கும். சாப்பிடும்போதுகூட அதையே பேசுவான். அமெரிக்காவில் சில பேர் பொம்மைப் படைவீரர்களை மேசைமேல் நிறுத்திப் போர் விளையாடிக்கொண்டிருந்தார்களாம். படையை நடத்துவதற்குப் பதில் அதில் ஒரே ஒரு வீரனாக நாமே இருந்தால் என்ன என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. அதிலிருந்து முதல் விதிப்புத்தகம் வந்தது. ஒரு பெட்டிக்குள் மெலிந்த மூன்று சிறு நூல்கள். படித்தால் பாதி விளங்காது. வேறொரு போர் விளையாட்டின் விதிகள் ஏற்கெனவே தெரிந்தவர்களுக்காக எழுதியது அது. அதனால் ஊருக்கு ஊர் ஒரு மாதிரி ஆடினார்கள். அதை ஒழுங்குபடுத்துகிறேன் என்று கெட்டி அட்டை போட்ட தடித்த புத்தகங்கள் வந்தன. ஆடுபவருக்கு ஒன்று, நடத்துபவருக்கு ஒன்று, அரக்கர்களுக்கு ஒன்று. பக்கத்துக்குப் பக்கம் அட்டவணை. பிள்ளைகள் பிசாசை வணங்குகிறார்கள் என்று அங்கே பெற்றோர்கள் பயந்து சத்தம் போட்ட காலமும் உண்டாம். பிறகு சில வருஷத்துக்கு ஒரு பதிப்பு. ஒவ்வொன்று வரும்போதும் பழையதுதான் உசத்தி என்று ஒரு கூட்டம் சண்டைக்கு நிற்கும்.

அண்ணனிடம் எல்லாத் தலைமுறையும் இருந்தது. அவன் மனசு நின்றது அந்த முதல் கெட்டி அட்டைப் புத்தகங்களில்தான்.

“இதுலதான் சட்டம் சட்டமா இருக்கு. பெறகு எழுதுனவன் எல்லாம் எல்லாத்தையும் சந்தோஷப்படுத்தணும்னு எழுதுனவன்,” என்பான்.

ஆடுவதற்கு ஆள் தேடினான். இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவர் அவனுடன் பள்ளிக்கூடத்தில் படித்தவர், எட்டு விசைத்தறி வைத்திருந்தார். அவரைத் தறிக்காரர் என்று சொல்கிறேன். இன்னொருவர் பரளச்சிக்காரர். அண்ணனோடு பொறியியல் படித்தவர். பரளச்சி பக்கத்தில் அடுத்தவர் காட்டில் கூலிக்குக் களை எடுத்த குடும்பம், அவர் தலைமுறையில்தான் கல்லூரி. அப்போது திருச்சுழியில் ஒரு இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தார். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று என்று நாள் முழுக்கத் தட்டச்சு. கல்லூரியில் அண்ணனும் அவரும் ஒருவரை ஒருவர் “ஏலே” என்றுதான் கூப்பிட்டார்களாம். எங்கள் வீட்டில் அண்ணன் அவரை “ஏலே பரளச்சி” என்பான். அவர் அண்ணனை “என்னப்பா” என்பார். என்னைவிட வயதில் மூத்தவர், ஆனாலும் எனக்கு “டீச்சர்”.

இவர்கள் இருவருக்கும் தமிழில் விதிப்புத்தகம் வேண்டியிருந்தது. நான் எம்.ஏ. ஆங்கிலம் படித்தவள், இங்கே ஒரு தனியார் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். பள்ளிக்கூடம் மூடிக்கிடந்த நேரம். அண்ணன் கேட்டதும் சரி என்றேன். மூன்று மாதம் உட்கார்ந்து அந்தப் பழைய பதிப்பை மொழிபெயர்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு ஒழுங்காக நான் எதையும் செய்ததில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் நோட்டில் நான்கைந்து மாற்று எழுதிப் பார்த்தேன். உயரும் நிலைக்குப் “படி” என்று வைத்தேன். சாவிலிருந்து தப்ப உருட்டும் பகடைக்குத் “தப்பு வீச்சு”.

அந்தப் பதிப்பில் பாத்திரங்களுக்குப் பிறப்பு உண்டு. மனிதர், மலைக்குள்ளர், வனத்தார் என்று வகைகள். கடைசியில் ஒன்று, மனிதருக்கும் காட்டு அரக்கருக்கும் பிறந்தது. அதற்கு “அரைப்பிறப்பு” என்று பெயர் வைத்தேன். சொல் அழகாக அமைந்ததாக அன்று நினைத்தேன். எந்தப் பிறப்பு எந்தத் தொழிலில் எந்தப் படிவரை ஏறலாம் என்று ஓர் அட்டவணை. மனிதருக்கு எல்லை கிடையாது. அரைப்பிறப்பு வீரன் பத்தாம் படியோடு நின்றுவிடுவான். எந்தப் பிறப்பு எந்தப் பிறப்பை எவ்வளவு வெறுக்கும் என்பதற்கும் தனியாக ஓர் அட்டவணை இருந்தது. எல்லாவற்றையும் கோடு போட்டுக் கட்டம் கட்டி மொழிபெயர்த்தேன்.

இன்னொரு இடத்தில், பெண் பாத்திரத்தின் உடல்பலம் இத்தனைக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு விதி இருந்தது. அதைப் படித்ததும் எனக்கு முகம் சூடாகிவிட்டது. பேனாவை மூடி வைத்துவிட்டுக் கீழே போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து அந்த வரியை விட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போனேன். அண்ணனிடம் சொல்லவில்லை. அவனும் தமிழ்ப் பிரதியை மூலத்தோடு வைத்துப் பார்க்கிறவன் இல்லை.

பின்னால் வந்த பதிப்புகளும் அந்த அறையில்தான் இருந்தன. சந்தேகம் வரும்போது அவற்றையும் புரட்டுவேன். ஆகவே பிறப்புக்கு எல்லை வைக்கிற அட்டவணையை அவர்களே பிற்பாடு எடுத்துவிட்டார்கள் என்பதும், பிறகு அந்தச் சொல்லையே மாற்றிவிட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் கட்டம் கட்டினேன்.

ஜெராக்ஸ் கடையில் நான்கு பிரதி எடுத்து ஸ்பைரல் போட்டோம். முதல் ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மொட்டை மாடி அறையில் உட்கார்ந்தோம். பாத்திரத்தின் பிறப்பை ஆடுபவரே தேர்ந்தெடுக்கலாம் என்றுதான் புத்தகத்தில் இருந்தது. கதையை நடத்துகிற அண்ணன் அதை மாற்றினான். “பொறப்ப எவனாவது தேர்ந்தெடுக்க முடியுமா? பகடைதான்,” என்றான். தன் முன்னால் நிறுத்தியிருந்த அட்டைத் திரைக்குப் பின்னால் மூன்று முறை உருட்டினான். எனக்கு மனிதப் பெண். தறிக்காரருக்கு வனத்தார். பரளச்சிக்காரருக்கு அரைப்பிறப்பு. பகடையை எங்களில் யாரும் பார்க்கவில்லை.

“சரிப்பா,” என்று அவர் தாளில் எழுதிக்கொண்டார்.

நான் பூசாரி, காயத்தை ஆற்றுகிறவள். தறிக்காரர் வில்லாளி. பரளச்சிக்காரர் வீரன். எங்கள் மூவரில் நன்றாக ஆடியவர் அவர்தான். நான் என் முறை வரும்போது “வெட்டுறேன்”, “மந்திரம் போடுறேன்” என்பேன். அவரோ, தன் வீரன் எப்படி நிற்கிறான், எந்தக் கையில் கேடயம், எதிராளியின் கண் எங்கே போகிறது என்று சொல்வார். சதுரக் கட்ட நோட்டில் நாங்கள் போன பாதாளங்களை எல்லாம் வரைபடமாக வரைந்து வைத்திருந்தார். அவருடைய வீரனுக்கு ஒரு கதை எழுதியிருந்தார். அவன் செத்துப்போன தன் அம்மாவின் அஸ்தியை ஒரு சின்னக் கலயத்தில் இடுப்பில் கட்டிக்கொண்டு அலைகிறான். அதைக் கடலில் கரைக்க வேண்டும். கடல் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது.

அவருடைய அம்மா கொரோனாவில் இறந்தது எங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் முகத்தைக் காட்டவில்லை என்பதும் தெரியும். அண்ணன்தான் என்னிடம் சொன்னான். ஆனாலும் ஒவ்வொரு வாரமும் “கடலுக்கு அடுத்த வாரம் போவோம், இப்ப இந்தப் பொதையல எடுப்போம்” என்று நாங்கள் ஒத்திப்போட்டோம். புதையல், அதற்கப்புறம் இன்னொரு புதையல். இரண்டு வருஷம் அப்படிப் போனது.

ஒரு ஞாயிறு, கதையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் ஒரு சத்திரத்துக்கு வந்து சேர்ந்தோம். அண்ணன் சத்திரக்காரனாகப் பேசினான்.

“நீங்க ரெண்டு பேரும் உள்ள வாங்க. இது யாரு, அரைப்பொறப்பா? மாட்டுக் கொட்டத்துல எடம் இருக்கு. சோறு அங்க வரும்.”

தறிக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பரளச்சிக்காரர், “கொட்டத்துல மாடு நிக்கிதா?” என்று கேட்டார்.

“நிக்கிது.”

“அப்ப குளுராது. போறேன்.”

நாங்கள் இன்னும் பலமாகச் சிரித்தோம். அவரும் சிரித்தார். அவர் சிரித்துவிட்டதால் இதில் ஒன்றுமில்லை என்று முடிவு செய்தேன். அண்ணனுக்கு அந்தச் சிரிப்பு ருசித்துவிட்டது. அதற்குப் பிறகு கதையில் எந்த ஊர் வாசலுக்குப் போனாலும் காவலாளி அவரை நிறுத்துவான். கிணற்றில் தண்ணீர் இறைக்கப் போனால் ஊர்க்காரர்கள் கயிற்றை இழுத்துக்கொள்வார்கள். நாங்களும் பழகிக்கொண்டோம். பொறி இருக்கும் என்று சந்தேகப்பட்ட கதவுகளை எல்லாம் அவரைத்தான் திறக்கச் சொல்வோம். சண்டை முடிந்ததும் என் மந்திரத்தில் தறிக்காரரின் காயத்தை முதலில் ஆற்றுவேன், மிச்சம் இருந்தால் அவருடையதை. இதெல்லாம் யாரும் எழுதிவைத்த விதி இல்லை.

வீட்டிலும் ஒன்று நடந்தது. நான்கு மணிக்கு அம்மா டீ கொடுத்துவிடுவாள். மூன்று சில்வர் டம்ளர், ஒரு பேப்பர் கப். முதல் இரண்டு வாரம் அப்படி வந்தது. அம்மாவிடம் சண்டை போட எனக்குத் தைரியம் இல்லை. அதனால் கடையில் ஒரு கட்டு பேப்பர் கப் வாங்கிவந்து, “எல்லாத்துக்கும் இதுலயே ஊத்தும்மா, கழுவுற வேல மிச்சம்,” என்றேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பரளச்சிக்காரர் டம்ளர் வந்த வாரங்களையும் பார்த்திருந்தார், நின்றுபோன வாரத்தையும் பார்த்திருந்தார்.

இரண்டாம் வருஷத்தின் கடைசியில் அவருடைய வீரன் பத்தாம் படிக்கு வந்தான். நானும் தறிக்காரரும் பதினொன்று, பன்னிரண்டு என்று போய்க்கொண்டிருந்தோம். வனத்தாருக்கும் அட்டவணையில் எல்லை இருந்தது, அதை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. அரக்கர்களை அதிகம் வெட்டியது அவர். படி ஏறுவதற்கு அதில் கிடைத்த புள்ளிகளை ஒவ்வொரு வாரமும் அவர் தாளில் கூட்டி எழுதுவார். அண்ணன் பார்த்துவிட்டு, “ஒனக்கு ஏறாது. புக்குல இருக்குப்பா,” என்பான்.

நான்கைந்து வாரம் பொறுத்துவிட்டு அவர் கேட்டார், “அந்த இங்கிலீஷ் புக்க ஒரு தடவ பாக்கலாமா?”

“ஒனக்கு எதுக்குலே அது? தமிழ்லதான் அச்சடிச்ச மாதிரி குடுத்துருக்கால்ல,” என்றான் அண்ணன்.

அன்று அவர் கிளம்பும்போது மாடிப்படியில் நான் புத்தகத்தை ஒரு பையில் போட்டு அவரிடம் கொடுத்தேன். நல்ல மனசில் கொடுக்கவில்லை. அந்தக் காலத்து ஆங்கிலம் எனக்கே முரடாக இருந்தது. இவர் நான்கு பக்கம் புரட்டிவிட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார், அதோடு பேச்சு முடியும் என்று நினைத்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். “பத்தரமா வச்சிருந்து தாரேன் டீச்சர்,” என்றார்.

ஏழு வாரம் வைத்திருந்தார். காலையிலும் மாலையிலும் பஸ்ஸில் உட்கார்ந்து செல்போனில் அகராதி வைத்துப் படித்திருக்கிறார். இடையில் ஞாயிறுகளில் வழக்கம்போல வந்து ஆடினார், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டாவது ஞாயிறு புத்தகத்தை மேசைமேல் வைத்தார். பக்கங்களுக்கு நடுவே சின்னச் சின்னத் தாள்கள் செருகியிருந்தன. அண்ணன் என்னைப் பார்த்தான். நான் பகடையைப் பார்த்தேன்.

“டீச்சர், ஒரு சந்தேகம்,” என்று அவர் ஒரு பக்கத்தை விரித்து விரல் வைத்தார். “பொம்பள பாத்திரத்துக்குப் பலம் இவ்வளவுதான்னு போட்டுருக்காக. தமிழ்ல இந்த வரியக் காணல.”

“அத நான் விட்டுட்டேன்.”

“மறந்தா?”

“இல்ல. வேணும்னுதான்.”

“ஏன் டீச்சர்?”

“அது அநியாயமா இருந்துச்சு.”

அவர் தலையை ஆட்டினார். கோபமாக இல்லை. பிள்ளை சரியான பதில் சொன்னால் வாத்தியார் ஆட்டுகிற மாதிரி ஆட்டினார். பிறகு அடுத்த தாள் செருகியிருந்த பக்கத்தைத் திருப்பினார். பிறப்பு அட்டவணை.

“இது?”

தறிக்காரர் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

“பின்னாடி வந்த புக்குல இத எடுத்துட்டாகன்னு நெட்டுல போட்டுருக்கு. ஒங்களுக்குத் தெரியுமா டீச்சர்?”

“தெரியும்,” என்றேன்.

“முன்னுரையில எழுதுனவுகளே சொல்றாக, இது வழிகாட்டத்தான், ஒங்க மேசைக்கு ஏத்த மாதிரி மாத்திக்கிடுங்கன்னு. அந்த முன்னுரையும் தமிழ்ல இல்ல.”

அது அண்ணன் செய்தது. முன்னுரை வேண்டாம், பக்கம் கூடும் என்று அவன் சொன்னான். அதை நான் அப்போது சொல்லவில்லை.

“ஏலே, இது வெளையாட்டு,” என்றான் அண்ணன். “இதுல போயி நீ என்னத்தயோ தேடிக்கிட்டு இருக்க. ஆடுறதுன்னா ஆடு, இல்லன்னா கெளம்பு.”

அவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போயிருந்தால் எங்களுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் புத்தகத்தை மூடி என் பக்கம் நகர்த்திவிட்டு, “ஆடுவோம்ப்பா. கடலு இன்னும் ஒரு நா நடைதான,” என்றார்.

உண்மைதான். முந்தைய வாரம் கதையில் நாங்கள் ஒரு குன்றின் உச்சியிலிருந்து கடலைப் பார்த்திருந்தோம்.

அண்ணன் அன்று நடத்திய விதத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சத்தம் போடவில்லை, சிரிக்கவில்லை. குன்றிலிருந்து இறங்கும் வழியில் ஒரு பழைய சுங்கச்சாவடி. அதன் கதவு பூட்டியிருந்தது. நாங்கள் கேட்பதற்கு முன்னால் பரளச்சிக்காரரே, “நான் தொறக்குறேன்,” என்றார். தாழ்ப்பாளில் விஷ ஊசி. தப்பு வீச்சு உருட்ட வேண்டும். அவர் பகடைக்குக் கையை நீட்டியபோது அண்ணன் அதை எடுத்துத் திரைக்குப் பின்னால் உருட்டினான்.

“தப்பல. செத்துட்டான்.”

“நான் உருட்ட வேண்டியதுல்ல அது?”

“பொறியா இருந்தா நடத்துறவன் மறச்சு உருட்டலாம். புக்குல இருக்கு.”

“எத்தனாவது பக்கம்?”

அண்ணன் பக்கத்தைச் சொன்னான். அப்படி ஓர் அனுமதி புத்தகத்தில் இருந்தது. நான்தான் மொழிபெயர்த்திருந்தேன்.

“பகடையக் காட்டுப்பா,” என்றார் அவர்.

“காட்ட வேண்டியதில்ல.”

பரளச்சிக்காரர் என் பக்கம் திரும்பினார்.

“டீச்சருகிட்ட ஒரு மந்திரம் இருக்கே. செத்தவுகள எழுப்புறது.”

இருந்தது. பூசாரி ஒன்பதாம் படிக்கு வந்ததும் கிடைக்கிற மந்திரம். எனக்கு அது கிடைப்பதற்கு முன்னால் ஒருமுறை, செத்துப்போன தறிக்காரரின் பாத்திரத்துக்காக வேறொரு பூசாரியிடம் போய்க் கெஞ்சி வாங்கியிருக்கிறேன். வனத்தாருக்கு அந்த மந்திரம் பலிக்காது என்று புத்தகத்தில் இருந்தும் அன்று அதை யாரும் திறந்து பார்க்கவில்லை. இப்போது எனக்கு அந்தப் பக்கம் நன்றாக நினைவுக்கு வந்தது. யாரை எல்லாம் எழுப்பலாம் என்று ஒரு பட்டியல். மனிதர் உண்டு, மலைக்குள்ளர் உண்டு. அரைப்பிறப்பு இல்லை.

அந்த அறையில் இருந்த நான்கு பேருக்கும், நான் ஏற்கெனவே ஒரு வரியை அடித்தவள் என்று தெரியும். இன்னொரு வரியை அடிக்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. “எழுப்புறேன்” என்று சொன்னால் போதும். அண்ணன் கத்தியிருப்பான், அவ்வளவுதான். ஆனால் அவர் என்னைக் கேள்வி கேட்டுவிட்டார். என் தமிழில், என் கட்டங்களில், இல்லாத வரியைக் கண்டுபிடித்து விரல் வைத்துவிட்டார். அதுவும் தறிக்காரர் முன்னால். அந்த எரிச்சல்தான் எனக்குள் இருந்தது. வேறு எதுவும் இல்லை.

“பட்டியல்ல அரைப்பொறப்பு இல்லயே,” என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “சரி டீச்சர்,” என்றார். நோட்டை எடுத்துக் கட்டைப்பைக்குள் வைத்தார். “அந்தக் கலயத்த யாராச்சும் கடலு வரைக்கும் கொண்டுபோயிருவீகளா?” என்று கேட்டார்.

அண்ணன், “செத்தவன் சாமான் எல்லாம் அங்கனயே கெடக்கும். எடுக்கணும்னா இவுக ரெண்டு பேருல ஒருத்தரு எடுக்குறேன்னு சொல்லணும்,” என்றான்.

தறிக்காரர், “வெசம் பட்டுருக்கும்ல அதுல,” என்றார்.

நான் எடுக்கிறேன் என்று சொல்லவில்லை.

அவர், “வாரேன்ப்பா, வாரேன் டீச்சர்,” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். கீழே கடையில் அப்பாவிடமும் சொல்லிக்கொண்டு போனது மேலே கேட்டது. அதற்குப் பிறகு வரவில்லை. அண்ணன் இரண்டு முறை போன் செய்தான், எடுக்கவில்லை. மூன்றாவது முறை செய்யவில்லை. “ரோசக்காரன்,” என்றான்.

நாங்கள் மூவரும் இன்னும் நான்கு வாரம் ஆடிப் பார்த்தோம். நடக்கவில்லை. கதவுகளை யார் திறப்பது என்பதிலேயே எனக்கும் தறிக்காரருக்கும் சண்டை வந்தது. கதை கடற்கரைக்குப் போகவே இல்லை. கம்பெனி திரும்பக் கூப்பிட்டதும் அண்ணன் பெங்களூருக்குப் போனான். போகிற போக்கில் என் தமிழ்ப் பிரதியை ஸ்கேன் எடுத்து இணையத்தில் ஒரு குழுவில் போட்டுவிட்டுப் போனான். அதை இறக்கி எங்கெங்கோ ஆடுகிறார்கள். ஒன்றிரண்டு பேர் எனக்குச் செய்தி அனுப்பினார்கள். “அரைப்பிறப்பு” என்ற சொல் பிரமாதம் என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் நன்றி என்று பதில் போட்டேன்.

போன மாசம் பட்டா மாறுதலுக்கு மனு கொடுக்கத் திருச்சுழிக்குப் போனேன். வேலை முடிந்து பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது அவரைப் பார்த்தேன். ஐந்தாறு வயதில் ஒரு பெண் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நிழலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒதுங்கவில்லை. பக்கத்தில் வந்து, “சொகமா இருக்கீகளா டீச்சர்? அப்பா நல்லாருக்காகளா?” என்று விசாரித்தார். இப்போது விருதுநகரில் வேலையாம். குழந்தைக்கு வெள்ளரிக்காய் வாங்கி உப்பு மிளகாய்த்தூள் தடவிக் கொடுத்துக்கொண்டே பேசினார்.

“இன்னும் ஆடுறீகளா?” என்று கேட்டேன்.

“ஆடுறோம். ஞாயித்துக்கெழம. நான், வீட்டுல அவ, அவ தங்கச்சி, ஆபீஸ்ல ரெண்டு பேரு.”

“எந்தப் பதிப்பு?”

“பதிப்பு என்ன டீச்சர். இப்பல்லாம் சின்னச் சின்னதா வருதுல்ல, யாரு வேணாலும் எடுத்துக்கிடலாம்னு. அதுல ஒண்ண எடுத்து நானே தமிழ்ல எழுதுனேன். நாலு பக்கந்தான். அதுக்கு மேல தேவப்படல.”

தடித்த புத்தகங்களுக்குப் பிறகு மெலிந்த புத்தகங்கள் திரும்பி வருகின்றன என்று அண்ணன் போனில் குறைபட்டுக்கொண்டது ஞாபகம் வந்தது. அந்த நான்கு பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அவர் “தப்பு வீச்சு” என்பதை எப்படி எழுதியிருப்பார், படி என்ற சொல்லை வைத்திருப்பாரா என்றெல்லாம் மனசு ஓடியது.

“அன்னைக்கு நான் செஞ்சது தப்பு,” என்றேன். சொல்ல வேண்டும் என்று மூன்று வருஷம் வைத்திருந்தது அவ்வளவு சின்ன வாக்கியமாக வெளியே வந்தது.

“ஆமா டீச்சர்,” என்றார்.

பரவாயில்லை என்பார் என்று எதிர்பார்த்து நின்றேன். அவர் குழந்தையின் தாடையில் வழிந்ததைத் துடைத்துவிட்டார்.

“நான் ஒரு ஞாயித்துக்கெழம வந்து பாக்கவா? சும்மா, உக்காந்து பாக்குறதுக்கு.”

“வேணாம் டீச்சர்.” குரலில் ஒரு கடுப்பும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னார். “நீங்க வந்தா அந்தப் பிள்ளைக நாக்காலிய விட்டு எந்திரிச்சு நிக்கும். நான் டீக்கு டம்ளரு தேடணும். பெறகு எங்க ஆடுறது.”

அவர்கள் பஸ் வந்தது. குழந்தையைத் தூக்கிப் படியில் ஏற்றினார். அவர் ஏறும்போது, அது என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “யாருப்பா அவுக?” என்று கேட்டது.

“அருப்புக்கோட்டையில ஒரு டீச்சர்,” என்றார் அவர். “முன்னாடி ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம அவுக வீட்டுக்கு வேலைக்குப் போவேன்.”

எனக்குக் கேட்க வேண்டும் என்று சொல்லவில்லை. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குழந்தைக்கு விளங்குகிற மாதிரி ஒரு பதில் வேண்டியிருந்தது, அதைச் சொன்னார். எங்கள் வீட்டில் அவர் ஒருநாளும் வேலை பார்த்ததில்லை என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது? உள்ளே போய் ஜன்னலோரம் குழந்தையை உட்காரவைத்துவிட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டார். பஸ் திரும்பி மெயின் ரோட்டுக்குப் போனது. எனக்கு அருப்புக்கோட்டை பஸ் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.